கார் சக்கரத்து நட்டை எந்த அளவுக்கு இறுக்குவது?

காற்றழுத்தத்தால் நட்டைத் திருப்பும் ஏர் கன் வந்த பிறகு டயர் கடைகளில் சக்கரம் மாட்டும் வேலை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. சக்கரத்தைத் தூக்கி, அது பொருந்திச் சுழலும் நடுப்பாகமான ஹப்பில் வைத்து, நட்டுகளை ஸ்டட் எனப்படும் மரையிட்ட தண்டுகளில் ஏற்றி, ஒவ்வொன்றின் மேலும் கன்னை வைத்து, மேற்கொண்டு திரும்ப மறுக்கும் வரை ஓட்டிவிட்டு ஜாக்கியை இறக்கிவிடுகிறார்கள். எந்த நட்டு எந்த அளவுக்கு இறுகியது என்பது கடைக்காரருக்கும் தெரியாது, வண்டியின் உரிமையாளருக்கும் தெரியாது. அந்த அளவு காரோடு வந்த கையேட்டில் ஒரு தெளிவான எண்ணாக அச்சிடப்பட்டிருக்கிறது என்பதையும் பலர் கவனித்ததில்லை. டயரில் அடைக்க வேண்டிய காற்றழுத்தத்தை நாம் எப்படி விடாமல் கேட்டு அடைக்கிறோமோ, அதே கண்டிப்போடு இந்த எண்ணையும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழன்றுவிடும் அளவுக்குத் தளர்வாக விடுபவர்கள் நம் ஊரில் குறைவு. அளவுக்கு மீறி இறுக்குவதே பாதுகாப்பு என்று நம்புபவர்கள்தான் மிகுதி. ஆகவே இந்தப் பதிவில் அந்த நம்பிக்கையைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் சக்கரத்தை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஸ்டட்டுகள் ஹப்பிலிருந்து ஆணிபோல நீட்டிக்கொண்டிருப்பதால், காரின் எடை முழுவதும் அவற்றின் மேல் தொங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் சக்கரத்தில் உள்ள துளைகள் ஸ்டட்டின் விட்டத்தைவிடப் பெரியவை. எல்லாம் சரியாக இருக்கும் ஒரு சக்கரத்தில் ஸ்டட்டின் பக்கவாட்டு, துளையின் சுவரில் உரசுவதே இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் இழுபட்டு மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட எஃகு தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்வதால், நட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே சக்கரத்தை நெரித்துப் பிடிக்கிறது. இந்தப் பிடிப்பு விசையால் சக்கரத்தின் உட்பரப்புக்கும் ஹப்பின் முகப்புக்கும் இடையே எழும் உராய்வுதான் பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் திரும்பும்போதும், பள்ளத்தில் விழுந்து எழும்போதும் சக்கரத்தை நகரவிடாமல் நிறுத்துகிறது. எனவே நாம் நட்டைத் திருப்புவதன் நோக்கம், ஸ்டட்டை வேண்டிய அளவுக்கு நீளச் செய்வது மட்டுமே.

அந்த நீட்சி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மாருதி சுசுகி கார்களில் பரவலாக உள்ள 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட ஸ்டட்டை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த, துருவில்லாத மரையில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (நட்டைத் திருப்பும் விசையின் அளவு; நியூட்டன் மீட்டர் அதன் அலகு) கொடுத்தால், பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தோராயச் சூத்திரத்தின்படி அந்த ஸ்டட்டில் ஏறத்தாழ 42,000 நியூட்டன் இழுவிசை உண்டாகிறது. அதாவது 4 டன்னுக்குச் சற்று மேல். நான்கு ஸ்டட்டுகளும் சேர்ந்தால் ஏறக்குறைய 17 டன் விசை, மொத்தமாகவே ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள காரின் ஒரே ஒரு சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிறது. இத்தனை விசைக்கும் ஸ்டட் நீண்டிருப்பது சுமார் 0.05 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் பருமனைவிட அதிகம் இல்லை. இந்தச் சிறிய நீட்சியை நம்பித்தான் நாம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே மாட்டிக்கொண்ட துருப்பொருக்கோ தடித்த பெயின்ட் பூச்சோ ஓட்டத்தில் நொறுங்கி 0.02 மில்லிமீட்டர் உட்கார்ந்துவிட்டால்கூட, பிடிப்பு விசையில் பெரும் பங்கு மறைந்துவிடும் என்பது இதிலிருந்தே விளங்கும். பொருத்தும் பரப்புகளைச் சுத்தம் செய்யச் சொல்வதற்கும், சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் சரிபார்க்கச் சொல்வதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

நாம் அளப்பது முறுக்குவிசை, நமக்கு வேண்டியதோ ஸ்டட்டின் இழுவிசை என்பதால், இரண்டுக்கும் நடுவே உராய்வு குறுக்கிடுகிறது. கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பாதி, நட்டின் முகப்பு சக்கரத்தில் உரசுவதில் செலவாகிறது. இன்னொரு 40 விழுக்காடு மரைகளுக்கு இடையேயான உராய்வில் போகிறது. எஞ்சிய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. உராய்வு சிறிது மாறினாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு பெருமளவில் மாறிவிடும். துருவும் மண்ணும் ஏறிய மரையில் 100 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டினாலும் ஸ்டட் வேண்டிய அளவுக்கு நீண்டிருக்காது. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவிவிட்டு அதே 100 கொடுத்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடக்கூடும். நம் கடைகளில் நட்டு எளிதாகக் கழல வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பழைய என்ஜின் ஆயிலை ஒரு சொட்டு விடுகிறார்கள். கையேட்டில் உள்ள எண் பொதுவாக உலர்ந்த, சுத்தமான மரைக்கு உரியது. தயாரிப்பாளரே எண்ணெய் இடச் சொன்னால் ஒழிய அங்கே எதையும் தடவக் கூடாது. நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் மரை சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். அதற்குக் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுப்பதும், நிலைமை மோசமாக இருந்தால் நட்டை மாற்றுவதும்தான் வழி.

இனி அளவுக்கு மீறிய இறுக்கத்துக்கு வருகிறேன். டயர் கடைகளில் உள்ள அரை அங்குல ஏர் கன்களில் பல 500 நியூட்டன் மீட்டருக்கும் மேல் தரக்கூடியவை. காற்றழுத்தம், குழாயின் நீளம், கன்னின் தேய்மானம், விசையை அழுத்தியிருக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு நட்டுக்கும் வெவ்வேறு அளவு போய்ச் சேரும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 250 நியூட்டன் மீட்டர் ஏறினால், கணக்குப்படி இழுவிசை 10 டன்னைத் தாண்டும், வலுவான 10.9 தர எஃகாலான ஸ்டட்டே நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை 8 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அந்த எல்லையைக் கடந்த எஃகு தன் பழைய நீளத்துக்கு முழுமையாகத் திரும்பாது. மரைகள் இழுபட்டு இடைவெளி மாறும், அடுத்த முறை நட்டு ஏறும்போது பிசகும், சில முறை இப்படி நடந்தபின் மரை சுத்தமாக உரிந்துவிடும் அல்லது ஸ்டட் ஒடியும். அதற்கு முன்பே களைப்படைந்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கியிருக்கலாம். இறுக்கமாக இருப்பதாகத் தோன்றும் நட்டுக்குப் பின்னால், உண்மையில் பிடிப்பு விசையை இழந்துகொண்டிருக்கும் ஸ்டட் இருக்கக்கூடும் என்பதே இதில் உள்ள பெரிய ஆபத்து.

நட்டுகள் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இறுகுவதும் தனிக் கேடு. முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க், ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கியிருக்கிறது. ஒரு பக்கம் மிகையாகவும் மறுபக்கம் குறைவாகவும் அழுத்தப்பட்டால் டிஸ்க் மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு அளவுக்குக் கோணலாகச் சுழலும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்போது பிரேக் பேடு அந்த மேட்டில் மட்டும் தொட்டுத் தொட்டுத் தேய்த்து டிஸ்கின் தடிமனில் ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவிடும். பிறகு வேகத்தில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். அந்த நடுக்கத்துக்காக வீல் பேலன்சிங், அலைன்மென்ட் என்று செலவழித்துவிட்டு, கடைசியில் டிஸ்கையே கடைந்தோ மாற்றியோ தீர்ப்பவர்கள் பலர். டயர் மாற்றிய நாளோடு அதைத் தொடர்புபடுத்திப் பார்ப்பவர்கள் அரிது.

இவற்றையெல்லாம்விட எனக்கு மனத்தை உறுத்துவது மூன்றாவது விளைவு. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை திருச்சியிலிருந்து மதுரைக்குத் தனியாகக் காரில் போய்க்கொண்டிருந்தபோது விராலிமலையைத் தாண்டி ஓரிடத்தில் டயர் பஞ்சரானது. ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவள்; காற்றும் சரியாக இருந்தது; ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்தன. அதற்கு முந்தைய வாரம் டயர் கடையில் கன்னால் இறுக்கியிருந்த நட்டுகள் ஒன்றுகூட அசையவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் பார்த்திருக்கிறாள். இருட்டும் நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் அவள் காத்திருக்க நேர்ந்தது. இரும்புக் குழாயோடு வந்த ஒரு லாரி ஓட்டுநர் அண்ணன்தான் அவற்றைக் கழற்றிக் கொடுத்தார்.

இதைச் சாதாரணக் கணக்கிலேயே விளக்கிவிடலாம். காரோடு தரப்படும் ஸ்பேனரின் கைப்பிடி, நட்டின் நடுவிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 நியூட்டன் மீட்டருக்கு அதன் முனையில் 41 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். உடல் எடையைச் சாய்த்து அழுத்தினால் பெரும்பாலோர் இதைத் தந்துவிட முடியும். 250 நியூட்டன் மீட்டர் என்றால் 100 கிலோவுக்கு மேல். தளர்த்தும்போது இறுக்கியதைவிடச் சற்றுக் குறைந்த விசை போதும் என்பது பொதுவான நிலை. ஆனால் இடையில் துருவேறியிருந்தால் அந்தச் சலுகையும் போய்விடும். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் கைப்பிடியின் நுனியில் நின்றாலும் திறக்காத நட்டு, அந்தக் காருக்கு ஸ்டெப்னியே இல்லாததற்குச் சமம். அந்தக் காரை ஓட்டக்கூடியவர்களில் உடல் வலிமை குறைந்தவர் எவரோ, அவர் காரோடு வந்த கருவியைக் கொண்டே திறக்கக்கூடியதாக நட்டு இருக்க வேண்டும். கையேட்டில் உள்ள அளவு ஏறத்தாழ அந்த எல்லைக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

ஏர் கன்னை அறவே தவிர்க்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தட்டும். மாட்டும்போது நட்டுகளை முதலில் விரலால் சில சுற்று ஏற்றிவிட்டு, கன்னைக் குறைந்த விசையில் வைத்து உட்கார வைப்பதோடு நிறுத்திக்கொண்டு, மீதியைக் கையால் முடித்தால் போதும். நான் கடைக்குப் போனால், “அண்ணே, கன்னுல லேசா உக்கார வச்சா போதும், மிச்சத்த நான் கையில டைட் பண்ணிக்கிறேன்” என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டு, டிக்கியிலிருந்து டார்க் ரெஞ்சை எடுத்து வெளியே வைத்துவிடுவேன். “லூஸ் ஆயிடக்கூடாதுல்ல சார், அதான் நாங்க நல்லா டைட் வைக்கிறது” என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கழன்ற சக்கரத்துக்குக் கடைக்காரர்மேல் பழி வரும், ஒடிந்த ஸ்டட்டுக்கு எவரும் அவரைத் தேடி வரமாட்டார்கள். ஆகவே நாம் கேட்டால் ஒழிய இந்தப் பழக்கம் மாறாது. டார்க் ரெஞ்ச் வைத்து முடித்துத் தரும் கடைகளும் இப்போது நகரங்களில் இருக்கின்றன. அவற்றிலும் சில இடங்களில் கன்னால் முழுதாக இறுக்கிவிட்டு, அதன் மேல் ரெஞ்சை வைத்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கச் செய்து காட்டுகிறார்கள். ஏற்கெனவே மிகையாக இறுகிய நட்டில் ரெஞ்ச் உடனே சொடுக்கத்தான் செய்யும். அது குறைவில்லை என்பதை மட்டுமே சொல்லும். மிகை இல்லை என்பதைச் சொல்லாது. நட்டு திரும்பிக்கொண்டிருக்கும்போதே, அதன் ஓட்டத்தில் சொடுக்கு வர வேண்டும்.

கடையில் என்ன நடந்தது என்று தெரியாதபோது வீட்டுக்கு வந்து சரிசெய்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரம் தரையில் இருக்கும் நிலையிலேயே ஒரே ஒரு நட்டை மட்டும் தளர்த்தி, மறுபடி கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் எதிரில் உள்ள அடுத்த நட்டுக்குப் போக வேண்டும். ஜாக்கி தேவையில்லை. கொல்லிமலையோ ஊட்டியோ இறங்கி வந்த கையோடு இதைச் செய்ய வேண்டாம். டிஸ்கும் ஹப்பும் சூடாக விரிந்திருக்கும், ஆறவிட்டுச் செய்வது நல்லது.

தளர்வின் ஆபத்தையும் விட்டுவிட முடியாது. நட்டு ஏன் தானாகக் கழல்கிறது என்பதற்கு, குலுங்குவதால் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, இறுக்கப்பட்ட இரு பாகங்களும் குறுக்குவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதே நட்டைக் கழற்றும் முதன்மைக் காரணம் என்று காட்டினார். அப்படி வழுக்கும் ஒவ்வொரு கணத்திலும் மரையின் உராய்வு அற்றுப்போய், நட்டு இழையளவு பின்னோக்கித் திரும்புகிறது. பிடிப்பு விசை போதுமான அளவு இருக்கும் வரை சக்கரம் ஹப்பில் வழுக்காது. வழுக்காத வரை நட்டும் கழலாது. ஸ்பிரிங் வாஷர் போன்றவற்றைச் சக்கர நட்டுக்கு அடியில் போட வேண்டிய அவசியம் இல்லாததற்கும், போடக் கூடாததற்கும் இதுவே காரணம். சக்கரம் தளரத் தொடங்கியதற்குச் சில அறிகுறிகள் உண்டு: மெதுவாகப் போகும்போது சக்கரப் பக்கத்திலிருந்து வரும் ‘டக் டக்’ ஓசை, முன்பு இல்லாத ஆட்டம், நட்டைச் சுற்றிச் சக்கரத்தில் கோடுகோடாகத் தெரியும் புதிய துருக்கறை. இவற்றில் எதைக் கண்டாலும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும்; இறுக்கிவிட்டுப் பயணத்தைத் தொடர்வதற்கு முன், துளையும் ஸ்டட்டும் தேயாமல் இருக்கின்றனவா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.

நட்டின் முகப்பு வடிவம் பொருந்தாவிட்டால் எந்த முறுக்குவிசையும் பயன்படாது. பெரும்பாலான கார்களில் நட்டின் முகப்பு 60 பாகை கொண்ட கூம்பு வடிவில் இருக்கும். ஹோண்டா கார்களின் அசல் சக்கரங்களில் அது உருண்டை வடிவில் இருக்கும். வேறு சில சக்கரங்களுக்குத் தட்டையான முகப்பும் வாஷரும் உண்டு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால், இரண்டும் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். இறுக்கும்போது ரெஞ்ச் சரியாகவே சொடுக்கும், ஆனால் அந்த மெல்லிய விளிம்பு ஓட்டத்தில் நசுங்கி, நீட்சி முழுவதும் போய்விடும். வெளிக் கடையில் அலாய் சக்கரம் வாங்கிப் போடுபவர்கள் பழைய நட்டுகளையே பயன்படுத்தும்போது இந்தத் தவறு நிகழ்கிறது. அதே போலச் சக்கரத்தின் நடுத்துளை ஹப்பின் நடு வட்டத்தோடு பொருந்தாமல் பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இரு முகமும் ஒன்றுபோலத் தோன்றும் நட்டைத் தலைகீழாக மாட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். கூம்பு எப்போதும் சக்கரத்தை நோக்கியே இருக்க வேண்டும்.

செய்முறை கடினமானதன்று. காரைக் கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, மாற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டத்தில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிக் கழற்றியபின் ஹப்பின் முகப்பையும் சக்கரத்தின் உட்பரப்பையும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடைக்க வேண்டும். நான் இந்த இடத்தில் அவசரப்படுவதே இல்லை. அலாய் சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை இருந்தால் ஹப்பின் நடு வட்ட விளிம்பில் மட்டும் மிக மெல்லிய பூச்சாகக் கிரீஸ் இடலாம். அது ஸ்டட்டுக்கோ நட்டு உட்காரும் குழிக்கோ டிஸ்குக்கோ போய்விடக் கூடாது. சக்கரத்தை வைத்ததும் மேலே உள்ள நட்டை முதலில் ஏற்றினால் சக்கரம் ஹப்போடு ஒட்டி நிற்கும். எல்லா நட்டுகளும் விரலாலேயே முழுமையாக ஏற வேண்டும். ஏறாத நட்டை ஸ்பேனரால் வற்புறுத்தினால் மரை குறுக்கே ஏறி இரண்டும் கெடும்.

அதன் பிறகு வரிசை. நான்கு நட்டு என்றால் ஒன்றுக்கு எதிர் ஒன்று. ஐந்து என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரைவது போன்ற ஓட்டத்தில். ரெனோ க்விட், டாடா நானோ போல மூன்று மட்டுமே உள்ள கார்களில் எதிர் நட்டு கிடையாது என்பதால், வட்டமாகவே போகலாம், ஆனால் இன்னும் அதிகச் சுற்றுகளில் சிறுகச் சிறுக இறுக்க வேண்டும். சக்கரம் காற்றில் இருக்கும்போது ஸ்பேனரால் மிதமாக இறுக்கி, ஜாக்கியை டயர் தரையைத் தொடும் வரை மட்டும் இறக்கி, முதல் சுற்றில் பாதி அளவும் அடுத்த சுற்றில் முழு அளவும் கொடுப்பேன். இறுதியாகக் காரை முழுவதும் இறக்கிவிட்டு, எந்த நட்டும் விட்டுப்போகவில்லை என்று உறுதிசெய்ய அதே வரிசையில் ஒரு முறை வருவேன். 50 முதல் 100 கிலோமீட்டர் வரை ஓடிய பின் திரும்பவும் ஒரு முறை சோதிக்க வேண்டும். அலாய் சக்கரத்திலும், புதிதாகப் பெயின்ட் அடித்த எஃகுச் சக்கரத்திலும் இதை விடவே கூடாது. நட்டு சிறிதும் நகராமல் ரெஞ்ச் சொடுக்கினால் நல்லது. சொடுக்குவதற்கு முன் சற்றே திரும்பினால், பரப்புகள் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். இன்னொரு நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் திரும்பினால் சக்கரத்தைக் கழற்றி ஆராய வேண்டும்.

அளவுகள் காருக்குக் கார் வேறுபடும். ஹோண்டாவின் சிறிய, நடுத்தரக் கார்களுக்கு 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவின் பல கார்களுக்கு 103, ஹூண்டாய் கார்களுக்கு 11 முதல் 13 கிலோகிராம்-மீட்டர், அதாவது சுமார் 108 முதல் 127 நியூட்டன் மீட்டர், நட்டுக்குப் பதிலாக 14 மில்லிமீட்டர் போல்ட் கொண்ட ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120. மாருதி சுசுகியின் பழைய சிறு கார்கள் பலவற்றுக்கு 85 என்றும், பிறகு வந்த பலவற்றுக்கு 100 என்றும் இருக்கிறது. ஒரே பெயரில் வரும் காருக்கே தலைமுறை மாறும்போது எண் மாறுவதால், இந்த வரிகளை நம்பி இறுக்காமல் உங்கள் காரின் கையேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். அலகையும் கவனிக்க வேண்டும். 100 நியூட்டன் மீட்டர் என்பது 10.2 கிலோகிராம்-மீட்டருக்கும் 74 பவுண்டு-அடிக்கும் சமம். ரெஞ்சின் தண்டில் இரு பக்கமும் இரு அளவுகோல்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பவுண்டு-அடிப் பக்கத்தில் 100 வைத்து இறுக்கினால் 136 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும்.

டார்க் ரெஞ்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார் என்பவர், நிலத்தடிக் குழாய் இணைப்புகளின் போல்ட்டுகள் அளவுக்கு மீறி இறுக்கப்படுவதைத் தடுப்பதற்காக 1918இல் இதை உருவாக்கினார் என்பது வரலாறு. சொடுக்கும் வகை ரெஞ்சில் கைப்பிடியைத் திருகி ஒரு ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிறோம். அந்த அழுத்தத்தை மீறும் கணத்தில் உள்ளே உள்ள பாகம் நழுவி ஓசை தருகிறது. காருக்கு 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் அரை அங்குல ரெஞ்ச் போதும். கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுத்து, முதல் சொடுக்கிலேயே நிறுத்திவிட வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்வதற்காக இரண்டாம், மூன்றாம் முறை சொடுக்குவது அளவைக் கூட்டிக்கொண்டே போகும். நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கோலின் மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைத்தால் ஸ்பிரிங் தளராமல் இருக்கும்; அந்த எண்ணுக்கும் கீழே முழுதாகக் கழற்றிவிடுவதும் நல்லதன்று. ஐ.எஸ்.ஓ. 6789 தரம் இத்தகைய ரெஞ்சுகளுக்கு 4 விழுக்காடு வரை பிழையை ஏற்கிறது. 12 மாதங்களுக்கு ஒரு முறையோ 5,000 முறை பயன்படுத்திய பின்போ, எது முந்துகிறதோ அப்போது, அளவைச் சரிபார்க்கச் சொல்கிறது. ஆண்டுக்கு இருமுறை டயரை இடம் மாற்றும் வீட்டுக்காரருக்கு அந்த எண்ணிக்கை எட்டாது, ஆனால் கீழே விழுந்த ரெஞ்சை நம்பக் கூடாது.

ரெஞ்ச் இல்லாதவர்களும் ஊகத்தில் இறுக்க வேண்டியதில்லை. பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் போதும். நட்டின் நடுவிலிருந்து சரியாக 40 சென்டிமீட்டரில் ஸ்பேனரின் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்கும்போது தராசு 25.5 கிலோ காட்டினால் அது 100 நியூட்டன் மீட்டர், 27.5 கிலோ என்றால் 108. கைப்பிடி 30 சென்டிமீட்டர்தான் என்றால் 100 நியூட்டன் மீட்டருக்கு 34 கிலோ. தூரத்தை அளப்பதிலும் செங்கோணத்தில் இழுப்பதிலும் கவனம் இருந்தால், இந்த முறை கன்னைவிடப் பன்மடங்கு நம்பகமானது. பழைய டார்க் ரெஞ்ச் சரியாகச் சொடுக்குகிறதா என்று பார்ப்பதற்கும் நான் இதையே செய்கிறேன். வைஸில் சாக்கெட்டைப் பிடித்து ரெஞ்சைப் படுக்கை நிலையில் மாட்டி, கைப்பிடியின் நடுவில் தராசைக் கட்டி இழுத்தால் எந்த எடையில் சொடுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே ஸ்டட்டின் மரை உரிந்திருந்தால் அதன்மேல் புதிய நட்டை ஏற்றி ஒப்பேற்ற முயல வேண்டாம். பல கார்களில் ஸ்டட் ஹப்பின் பின்புறத்திலிருந்து அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். பழையதைத் தட்டி எடுத்துவிட்டு அதே காருக்குரிய புதியதைப் பொருத்த எந்த நல்ல மெக்கானிக்காலும் முடியும். ஓட்டத்தில் ஒரு ஸ்டட் ஒடிந்திருந்தால், அதன் சுமையைச் சிறிது தூரமாவது தாங்கியிருக்கும் இரு பக்கத்து ஸ்டட்டுகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். அவற்றோடு நட்டுகளையும் புதிதாகவே வாங்குங்கள். புதிய ஸ்டட்டும் முதல் நூறு கிலோமீட்டரில் ஹப்பில் உட்காரும் என்பதால், ஸ்டட் மாற்றிய சக்கரத்தை அந்தத் தூரம் ஓடியதும் மறக்காமல் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள்.